வண்டித்தடத்தில் தொடங்கிய வழக்கு: பாலக்காட்டுக் கிழக்கில் ஒரு சமரசம்

வழக்குரை கேட்டது ஒரு வண்டித்தடத்தை மட்டும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஒரு தென்னந்தோப்பு. தகப்பனார் இறந்தபின் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பாதியாக அனுபவித்துவந்தார்கள். தார்ச்சாலையை ஒட்டிய மேற்குப் பாதி அண்ணனுக்கு, உள்ளே இருக்கும் கிழக்குப் பாதி தம்பிக்கு. தேங்காய் ஏற்றும் லாரியும் எரு கொண்டுவரும் டிராக்டரும் அண்ணன் தோப்பின் வடவோரத் தடத்தில்தான் வந்துபோயின. ஒரு நாள் அண்ணன் அந்தத் தடத்தின் வாயில் கல் நட்டுக் கம்பி கட்டினார். தம்பி முன்சீப் நீதிமன்றத்தில் தாவா போட்டார். நீதிமன்றம் அதைச் சமரசத்துக்கு அனுப்பியது. தீர்ப்புச் சொல்லாத ஒருவர் நடுவில் இருந்து இரு தரப்பையும் பேசவைக்கும் முறை அது.

சமரச அறையில் பேசியது வெளியே வரக்கூடாது. ஆகவே இங்கே எழுதுவது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் வழக்கு அல்ல. இந்த எல்லைப் பகுதியின் நிலத் தகராறுகளில் பொதுவாகக் காணப்படும் கூறுகளைக் கோத்து அமைத்த மாதிரி வழக்கு இது. ஆட்கள் கற்பனை, சட்டமும் மண்ணும் உள்ளபடியே.

நீதிமன்றம் அனுப்பிவைக்கும் சமரசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் செலவு மிச்சம், காலம் மிச்சம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டும் உண்மைதான். அவற்றைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. வழக்குரையில் எழுதப்படாத சண்டையைப் பேச அந்த அறையில் இடம் கிடைக்கிறது. சமரசத்தின் பெரிய ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் வழக்கில் இல்லாததைப் பேசி முடித்துவிட்டு அதை அரைகுறையாக எழுதினால் அடுத்த தாவாவுக்கு விதை அப்போதே விழுந்துவிடுகிறது. இந்த வழக்கை விரிவாக எழுதுவது இந்த இரண்டையும் காட்டத்தான்.

வழக்கு கேட்டதும் கேட்காததும்

பிறர் நிலத்தை வழி போன்ற ஒரு தேவைக்குப் பயன்படுத்தும் உரிமைக்கு வசதியுரிமை என்று பெயர். தம்பியின் வழக்குரை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தை இரண்டு வகையில் பிடித்துக்கொண்டது. 20 ஆண்டுகளுக்கு மேலாக இடையூறின்றி அந்தத் தடத்தைப் பயன்படுத்தியதால் உரிமை வந்துவிட்டது என்பது ஒன்று. அது 15ஆம் பிரிவு. சொத்து பிரிக்கப்பட்டபோது அந்தத் தடம் இல்லாமல் கிழக்குப் பாதியை அனுபவிக்க முடியாத நிலை இருந்தது என்பது மற்றொன்று. அது 13ஆம் பிரிவு. முதல் வாதம் பலவீனமானது. தகப்பனார் இருந்தவரை அது ஒரே தோப்பு. சொந்த நிலத்தில் நடப்பவர் எத்தனை ஆண்டு நடந்தாலும் அது வசதியுரிமையாக மாறாது. இரண்டாவது வாதத்துக்குத்தான் வலு.

அண்ணனின் எதிருரை, கிழக்கே வாய்க்கால் கரையில் தம்பிக்கு வேறு வழி இருக்கிறது என்றது. அவசியத்தால் வந்த வழியுரிமை, அவசியம் தீர்ந்ததும் முடிந்துபோகும் என்று 41ஆம் பிரிவு சொல்வதால் அந்த ஒரு வரி முக்கியமானது. நீதிமன்றம் ஆணையராக ஒரு வக்கீலை அனுப்பியது. அவர் நில அளவையாளருடன் போய் அளந்து, வாய்க்கால் கரையில் ஆள் நடக்கலாம், டிராக்டர் போகாது என்று அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்தார். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அண்ணன், தம்பி இருவருக்கும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும்.

விசாரணை நடந்து தீர்ப்பு வந்தால் என்ன கிடைத்திருக்கும்? தடம் உண்டு, அல்லது இல்லை. அண்ணன் ஏன் கம்பி கட்டினார் என்று கேட்கும் இடம் அந்த ஏற்பாட்டில் கிடையாது. அதை நீதிபதியின் குறையாகச் சொல்ல முடியாது. எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள், வழக்குரையிலிருந்தும் எதிருரையிலிருந்தும்தான் பிறக்கின்றன. இருவரும் எழுதாததை நீதிபதி தீர்க்க முடியாது.

அனுப்பும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் ஏற்கக்கூடிய தீர்வின் கூறுகள் இருப்பதாகத் தெரிந்தால், நீதிமன்றம் வழக்கை நடுவர் மன்றம், இணக்கம், மக்கள் நீதிமன்றம் உள்ளிட்ட நீதிமன்றவழித் தீர்வு, சமரசம் ஆகியவற்றில் ஒன்றுக்கு அனுப்பலாம். அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2002இல் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்று கூறியது, 2005இல் அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்தும் வழியையும் காட்டியது. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்ற வகையில் நாட்டில் அதுவே முதலாவது. கேரளத்திலும் உயர் நீதிமன்றத்தின் கீழ் மாநில மையமும் மாவட்ட மையங்களும் இயங்குகின்றன.

89ஆம் பிரிவை இன்று எப்படிப் படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்த வழக்கும் கேரளத்திலிருந்து போனதுதான். கொச்சித் துறைமுகக் கழகத்தின் பாலம், சாலைப் பணிகளை எடுத்த ஆஃப்கான்ஸ் நிறுவனம், 2001இல் ஒரு பகுதியைச் செரியன் வர்க்கி நிறுவனத்துக்கு உள்ஒப்பந்தமாகக் கொடுத்தது. தகராறு வந்து, பாக்கித் தொகை கேட்டு வழக்கு நடந்தபோது, ஒரு தரப்பு மறுத்த நிலையிலும் நீதிமன்றம் அதை நடுவர் மன்றத்துக்கு அனுப்பியது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நடுவர் மன்றத்துக்கு அனுப்ப எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும். சமரசத்துக்கு அனுப்ப அந்தச் சம்மதம் தேவையில்லை. காரணம் எளிது. நடுவர் தீர்ப்புச் சொல்வார், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சமரசர் எதையும் தீர்மானிப்பதில்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம், வழக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். பிரிவில் சமரசத்துக்கும் நீதிமன்றவழித் தீர்வுக்கும் தந்த விளக்கங்கள் வரைவுப் பிழையால் இடம் மாறிக் கிடக்கின்றன என்பதையும் அந்தத் தீர்ப்புதான் சுட்டிக்காட்டிச் சரிசெய்தது.

எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்ற பட்டியலும் அதில் உண்டு. பாகப்பிரிவினை, அண்டை வீட்டுத் தகராறு, வழியுரிமை, ஒப்பந்தம் ஆகியவை ஏற்றவை. பலருக்காகத் தொடுக்கும் பொதுநல வழக்கு, தேர்தல் வழக்கு, மோசடி, போலிப் பத்திரம் போன்ற கடுமையான குற்றச்சாட்டு உள்ள வழக்கு, மைனர்களும் தெய்வங்களும் போல நீதிமன்றத்தின் காப்பு தேவைப்படுவோருக்கு எதிரான வழக்கு ஆகியவை ஏற்றவை அல்ல. நம் வழக்கு முதல் வகையில் நேராக விழுகிறது.

அனுப்பும் நேரமும் முக்கியம். வழக்குரையும் எதிருரையும் வந்தபின், எழுவினாக்கள் வரைவதற்கு முன் அனுப்புவதே நல்லது. சாட்சிக் கூண்டில் ஒருவரையொருவர் பொய்யர் என்று சொல்லிவிட்ட அண்ணன் தம்பியை ஒரே மேசையில் உட்காரவைப்பது கடினம். கேரளத்தில் இதற்குப் பணக் காரணமும் ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 4ஏ பிரிவின்படி தாக்கலின்போது கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். மீதியை எழுவினா வரைந்த 15 நாளுக்குள் கட்ட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் சமாதானம் ஆகிவிட்டால் மீதி கேட்கப்படாது. தடம் கேட்கும் வழக்கில் இது சிறு தொகை, பணம் கேட்கும் வழக்கில் பெரிய தொகை.

அறைக்குள்

சமரசர் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற ஒரு வக்கீல், தமிழ் நன்றாகப் பேசுபவர். எல்லைப் பகுதியில் இந்தத் தகுதியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். இந்த மண் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. வீட்டிலும் தோட்டத்திலும் சந்தையிலும் தமிழ், அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் மலையாளமும் ஆங்கிலமும். மொழிச் சிறுபான்மையினர் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தருகிறது. ஆனால் ஓர் உரிமையியல் வழக்கின் தாள்களில் வாதி தன் சொந்தச் சொற்களைக் கண்டுகொள்வது அரிது. சமரச அறையில் வக்கீலின் வாய் வழியாக இல்லாமல் தன் வாயாலேயே பேசலாம். அங்கே மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினால், பேச வந்ததில் பாதி வெளியே வராமலே போய்விடும்.

முதல் கூட்டு அமர்வில் தடத்தைப் பற்றியே பேச்சு ஓடியது. இருவரும் தங்கள் வக்கீல்கள் எழுதியதையே திரும்பச் சொன்னார்கள். தனி அமர்வில் அண்ணனிடம் சமரசர் கேட்டது ஒன்றுதான்: தகப்பனார் இறந்தபிறகும் பல ஆண்டுகள் திறந்திருந்த தடத்தை அந்த நாளில் ஏன் அடைத்தீர்கள்? அண்ணன் நெடுநேரம் பேசினார். அவருடைய சொட்டுநீர்ப் பாசனத்தின் முதன்மைக் குழாய் அந்தத் தடத்தின் குறுக்கே ஆழமில்லாமல் போகிறது. தம்பி தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிப் போன லாரி அதை உடைத்தது. உடைத்ததைச் சரிசெய்து தரவும் இல்லை, வந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

தம்பியின் தனி அமர்வில் வேறொன்று வந்தது. இருவருக்கும் பொதுவான கிணறு அண்ணன் பாகத்தில் இருக்கிறது. மோட்டார் சாவி அண்ணன் கையில். தண்ணீர் முறையில் தம்பிக்குக் கிடைப்பதெல்லாம் இரவு நேரம். மோட்டார் பழுதுக்கு அவர் பணம் தர மறுத்தது அதனால்தான். குழாய் உடைந்தபோது பேசப் போகாததும் அந்தக் கோபத்தினால்தான்.

இந்த மண்ணில் தண்ணீர் என்றால் என்ன என்பது தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. கேரளம் என்றதும் மழை நினைவுக்கு வருகிறது. சித்தூரின் கிழக்குப் பகுதியோ மழை மறைவு நிலம், கரிசலும் தென்னையும் கலந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு வழியாகத் தர வேண்டும். சித்தூர் ஆற்றுப் பாசனம் அதை நம்பி இருக்கிறது. வாய்க்கால் எட்டாத தோட்டங்களுக்குக் கிணறுதான். நிலத்தடி நீர் மிகுதியாக உறிஞ்சப்பட்டதால் சித்தூர் வட்டாரம் 2002ஆம் ஆண்டு கேரள நிலத்தடி நீர்ச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட பகுதி. அனுமதியில்லாமல் புதிய ஆழ்துளைக் கிணறு போட முடியாது. ஆகவே தம்பிக்கு அந்தப் பழைய கிணற்றை விட்டால் வேறு போக்கு இல்லை. வழக்குரையில் கிணறு என்ற சொல்லே வரவில்லை.

இரண்டு தனி அமர்வுகளிலும் வந்ததை அவரவர் சம்மதத்தோடுதான் சமரசர் மற்றவரிடம் எடுத்துச் சென்றார். சம்மதமில்லாமல் ஒரு சொல்லும் கடக்கக்கூடாது. நீதிமன்றத்துக்கும் அப்படியே. மோதி ராம் எதிர் அசோக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சமரசம் ஆனால் கையெழுத்திட்ட உடன்படிக்கையை மட்டும் அனுப்ப வேண்டும், ஆகாவிட்டால் சமரசம் வெற்றி பெறவில்லை என்று எழுதினால் போதும், யார் என்ன சொன்னார்கள் என்பது வேண்டாம். இந்தக் காப்பு இல்லாதிருந்தால் இரவு முறைத் தண்ணீரைப் பற்றித் தம்பியும், உடைந்த குழாயைப் பற்றி அண்ணனும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். நாளைக்கு அதுவே தனக்கு எதிரான சாட்சியமாகும் என்று எந்த வக்கீலும் எச்சரித்திருப்பார்.

வழக்கில் இல்லாத இருவர்

கிணற்றின் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று சமரசர் கேட்டார். தகப்பனார் பெயரில். நிலவரி ரசீது? அதுவும் தகப்பனார் பெயரில். கேரள வருவாய்த் துறை போக்குவரவு என்று சொல்லும் பெயர் மாற்றம் நடக்கவே இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரமும் இல்லை, வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டதுதான்.

இங்கேதான் வழக்கின் அடித்தளம் ஆடியது. தோப்பு தகப்பனாரின் சுயசம்பாத்தியம். அவர் உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் ஒவ்வொரு மகனுக்கும் ஒவ்வொரு மகளுக்கும் சமப் பங்கு. தாயார் உயிரோடு இருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கை ஒருவர் இருக்கிறார். ஆளுக்கு நாலில் ஒரு பங்கு உள்ள இந்த இருவரும் வழக்கிலேயே இல்லை. தம்பி தடத்தை வென்றிருந்தாலும், நாளை தங்கை பாகம் கேட்டு வழக்குப் போட்டால் அந்தத் தடம் யார் நிலத்தில், யாருக்காக என்ற கேள்வி முதலிலிருந்து தொடங்கும்.

இந்தக் கட்டத்தில் பல சமரசங்கள் தவறான பாதையில் போகின்றன. பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தங்கையிடம் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று அண்ணன் தம்பி இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். அதுவரை முகம் பார்க்காதவர்கள் ஒன்றுபடும் முதல் இடம் அதுவாக இருக்கும். சமாதானம் வந்துவிட்டது என்று மகிழ்ந்து சமரசர் அதை எழுதிக்கொடுத்தால், இருவர் சண்டையை மூன்றாமவர் செலவில் தீர்த்ததாகத்தான் பொருள். எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை. அறையில் இல்லாதவரின் உரிமையைத் தொடும் உடன்படிக்கையைச் சமரசர் எழுத விடக்கூடாது.

நம் வழக்கில் தாயாரையும் தங்கையையும் வழக்கில் தரப்பினராகச் சேர்க்க மனு போடப்பட்டது. தங்கைக்குத் தனி வக்கீல் வேண்டும். அண்ணன்மாரின் வக்கீல் அவருக்கும் பேச முடியாது. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வருமானம் எதுவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. வட்டச் சட்டப்பணிகள் குழு அவருக்கு ஒரு வக்கீலைக் கொடுத்தது.

அடுத்த அமர்வில் அண்ணன் தங்கையைப் பார்த்து, "அம்மிணி, உன் பங்கை நாங்கள் மறுக்கவில்லை. நீயும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை" என்றார். தங்கையின் பதில் நேரடியாக இருந்தது: "கேட்டிருந்தால் பிறந்த வீட்டுக்கு வரமுடியாமல் போயிருக்கும் அண்ணா." அந்த இரண்டு வாக்கியங்களும் எந்த நீதிமன்றப் பதிவிலும் ஏறாது. ஆனால் அதற்குப் பிறகுதான் கணக்குப் பேச முடிந்தது.

தங்கைக்குத் தோப்பில் பங்கு வேண்டாம். அவர் கேட்டது எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டத்தில் தகப்பனார் பெயரில் இருந்த சிறிய மானாவாரி நிலத்தை முழுதாகவும், மதிப்பில் குறைவதற்குப் பணமாக ஈடும். தாயார் தோட்டத்து வீடான சாளையிலேயே இருக்க விரும்பினார். அதையும் அதைச் சுற்றிய மரங்களையும் தன் பங்காகக் கேட்டார். தடத்தின் சிக்கலுக்குத் தீர்வு ஒரு நாளில் கிடைத்தது: குழாயை ஆழப் புதைத்து, தடத்தைக் கடக்கும் இடத்தில் சிமென்ட் குழாய்க்குள் விடுவது, செலவு தம்பியுடையது.

எழுதும்போது

ஒரு சமரசம் நிலைக்குமா என்பதை அதன் வாசகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். "இரு தரப்பும் கிணற்றை ஒற்றுமையாகப் பயன்படுத்திக்கொள்வார்கள்" என்று எழுதினால் அது நல்லெண்ணம். நிறைவேற்றக் கோரி நீதிமன்றத்துக்குப் போனால் நீதிமன்றம் எதை நிறைவேற்றும்? ஆகவே இப்படி எழுதப்பட்டது: திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை தம்பி, செவ்வாய், வியாழன், சனி அதே நேரம் அண்ணன், ஞாயிறு தாயாரின் மரங்களுக்கு. சாவி இரண்டு. பழுதுச் செலவு சரிபாதி. ஒருவர் பழுதுபார்த்து ரசீதைக் காட்டினால் மற்றவர் 15 நாளுக்குள் தர வேண்டும். தடத்தின் அகலமும் தொடக்கமும் முடிவும் ஆணையரின் வரைபடத்தில் எழுத்திட்டுக் குறிக்கப்பட்டு, அந்த வரைபடம் உடன்படிக்கையோடு சேர்க்கப்பட்டது. தடத்தின்மீதான உரிமை அடுத்து வாங்குகிறவரையும் கட்டும் என்ற வரியும் உண்டு.

நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் ஆணை 3ஆம் விதி, எழுத்தில் தரப்பினர் கையெழுத்திட்ட உடன்பாட்டைப் பதிவு செய்து தீர்ப்பாணை தரச் சொல்கிறது. 1976 திருத்தத்துக்குப் பிறகு, வழக்கின் பொருளுக்கு வெளியே உள்ளவற்றையும் அதே தரப்பினருக்கிடையே இந்த உடன்பாட்டில் சேர்க்கலாம். அதனால்தான் தடம் கேட்ட வழக்கில் தண்ணீர் முறை ஏற முடிந்தது. ஆனால் எல்லாவற்றையும் இதிலேயே அடைத்துவிட முடியாது. பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சமரசத் தீர்ப்பாணைக்குப் பதிவிலிருந்து விலக்குத் தந்தாலும், வழக்கின் பொருளல்லாத அசையாச் சொத்து அதில் இருந்தால் அந்த விலக்கு இல்லை. புதிதாக உரிமையை உண்டாக்கும் ஆணைக்குப் பதிவு தேவை என்பதை 1995இல் பூப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பொள்ளாச்சி நிலம் வழக்கில் இல்லை. அடுத்த மாநிலத்தில் வேறு இருக்கிறது. நால்வரின் பங்கும் வழக்கில் கேட்கப்பட்டதில்லை.

எனவே தாள்கள் மூன்றாகப் பிரிந்தன. தடமும் தண்ணீரும் தீர்ப்பாணையில். தோப்பின் பங்குகளுக்குக் கேரளத்தில் பதிவாகும் பாகப்பிரிவினைப் பத்திரம். பொள்ளாச்சி நிலத்துக்கு அங்குள்ள சார்பதிவாளரிடம் தங்கை பெயரில் தனிப் பத்திரம், தமிழ்நாட்டு முத்திரைத்தாளில். இரண்டு பத்திரங்களும் 60 நாளுக்குள் பதிவாக வேண்டும். யார் கையெழுத்திட வராவிட்டாலும் அவர் மீது என்ன நடவடிக்கை என்பதும் உடன்படிக்கையில் எழுதப்பட்டது. ஈட்டுத் தொகையில் பாதி கையெழுத்தின்போது, மீதி பொள்ளாச்சிப் பதிவு முடிந்த அன்று.

உடன்படிக்கை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதப்பட்டது. ஐயம் வந்தால் தமிழ் வாசகமே முடிவானது என்ற வரியைச் சேர்த்ததை நான் மிகவும் மதிக்கிறேன். கையெழுத்திட்ட நால்வரும் படித்தது அந்த வாசகத்தைத்தான்.

இதில் இன்னும் சரியில்லாதவை

இப்படி எல்லா வழக்கும் முடிவதில்லை. எண்ணிக்கை காட்டுவதற்காகக் கட்டுக்கட்டாக அனுப்பும் வழக்குகளில் பல, முதல் அமர்விலேயே தோல்வி என்று திரும்பி வருகின்றன. தனி அமர்வுக்கு நேரம் இல்லாமல், ஒரு மேசைக்கு அடுத்தடுத்து ஆட்களை அழைத்தால் இரவு முறைத் தண்ணீர் ஒருநாளும் வெளியே வராது. வக்கீல்களில் சிலர் கட்சிக்காரரை அனுப்பிவிட்டுத் தாங்கள் வருவதில்லை; சிலர் வந்து எதிருரையையே மீண்டும் படிக்கிறார்கள். வாய்தா வாங்க ஒரு வழியாக இதைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டம் இதற்கு 120 நாள் வரம்பும், இரு தரப்பும் விரும்பினால் மேலும் 60 நாளும் என்று வகுத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் முழுதாக ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. 2023 அக்டோபர் 9 அன்று குறிப்பிட்ட சில பிரிவுகளே வந்தன. மீதிப் பிரிவுகள் வரும்வரை உயர் நீதிமன்றங்களின் விதிகளைக் கொண்டே வேலை நடக்கிறது.

சமரசத் தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு இல்லை என்று 96ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. உடன்பாடு சட்டத்துக்குப் புறம்பானது என்று தனி வழக்குப் போடவும் 23ஆம் ஆணை 3ஏ விதி இடம் தருவதில்லை. இது பலம்தான். ஆனால் புரியாமல் கையெழுத்திட்ட ஏழைக்கு அதுவே பூட்டாகவும் மாறும். அதனால் ஆணை வழங்கும் நாளில் நீதிபதி கேட்கும் நாலைந்து கேள்விகளை வெறும் சடங்காக நினைக்கக்கூடாது. நம் வழக்கில் முன்சீப், தாயாரைத் தனியாக அழைத்து, சாளை அவருடையதாக எழுதப்பட்டிருப்பதும் விற்க யாரும் வற்புறுத்த முடியாது என்பதும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார். அதன்பிறகே ஆணை பதிவானது.

கேரளப் பாகப்பிரிவினைப் பத்திரம் முதலில் பதிவாகி, அதன் நகலோடு போக்குவரவு விண்ணப்பம் வில்லேஜ் ஆபீசுக்குப் போனது. மின் இணைப்பை அண்ணன் பெயருக்கு மாற்றி, கட்டணத்தில் பாதி தம்பியுடையது என்று ஒரு துணை உடன்பாடு எழுதி வழக்குக் கட்டில் சேர்த்தார்கள். பொள்ளாச்சியில் தங்கை பெயருக்குப் பத்திரம் பதிவான அன்று ஈட்டுத் தொகையின் மீதி வங்கி வரைவோலையாகக் கொடுக்கப்பட்டது. பட்டா மாற்றத்துக்கான மனுவைத் தங்கையே போட்டார்.